அனுப்பப்பட்டது

ரப்பர் முத்திரையில் வருடச் சக்கரம்
இரண்டாயிரத்துப் பத்தொன்பதோடு தீர்ந்துவிட்டது.
அதற்குப் பிந்திய ஆண்டுகளை
நான்தான் பேனாவால் எழுதுகிறேன்.
புது முத்திரை கேட்டு மதுரைக்கு நாலு கடிதம் போயிருக்கிறது.
நாலுக்கும் எண் உண்டு.

மேலூர் பாசனப் பிரிவு அலுவலகம்.
வெளியே கால்வாய்,
உள்ளே முப்பது ரூபாய்த் தண்ணீர் கேன்.
பத்தரைக்குத் தபால் கட்டு வரும்:
மழைக்கணக்கு, ஓய்வூதியம், தகவல் உரிமை,
யாரோ யாரையோ திட்டிய மொட்டைக் கடுதாசி.
ஒருமுறை கண்காணிப்பாளர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகைக்கும்
புதிதாய்ச் சேர்ந்த பையன் எண் போட்டுவிட்டான்.
மூன்று மாதம் நிலுவைப் பட்டியலில் நின்றது காதுகுத்து.
மொய் எழுதிய பிறகு
'நடவடிக்கை முடிந்தது' என்று முடித்தோம்.

ஒத்தப்புளிப்பட்டி சேவுகப்பெருமாள்
அஞ்சலட்டையில்தான் எழுதுவார்.
ஐயா என்று தொடங்கும், மடை என்று முடியும்.
பலகை உடைந்துவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை,
கடைசி வயல் என்னுடையது.
மாதம் ஒன்று.
எங்கள் கடிதங்களைப் பார்த்துத்தானோ என்னவோ
அவரும் 'பார்வை' போடக் கற்றுக்கொண்டார்;
பழைய அட்டைகளின் தேதிகளை
ஒன்றின்கீழ் ஒன்றாக.
போகப்போகப் பார்வையே அட்டையை நிறைத்தது.
மடைக்கு இடமில்லை.

பிறகு அட்டை நின்றது.
தண்ணீர் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோப்பெல்லாம் கணினிக்குப் போகிறது என்று
போன வாரம் பீரோவை நகர்த்தச் சொன்னார்கள்.
காவலர் ஒச்சப்பன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
பின்னால் பல்லி முட்டை, துருப்பிடித்த குண்டூசிகள்,
எவரோ கேட்டு மறந்த தீபாவளி முன்பணம்,
ஒரு பழுப்பு உறை.
சேவுகப்பெருமாள் பெயருக்கு.
மூன்று வருடத்துக்கு முந்திய ஆடி.
மடைக்குப் பலகை போட ஒப்புதல் ஆகிவிட்டது,
தங்கள் சம்மதக் கடிதம் பதினைந்து நாளுக்குள் தேவை,
தவறினால் நிதி திரும்ப ஒப்படைக்கப்படும்.

அனுப்புகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
எண் சரி, தேதி சரி.
'அனுப்பப்பட்டது' - என் கையெழுத்து.
ஐந்து ரூபாயும் கணக்கில் ஒழுங்காய்க் கழிந்திருக்கிறது.
உறையின் மூலையில் ஒட்டியிருந்த தபால்தலை,
அதன் பின்னால் என் எச்சில்.

"கிழிச்சுப் போட்ருங்கம்மா" என்றார் ஒச்சப்பன்,
"பீரோவுக்குப் பின்னாடி கெடந்ததுக்கு
யாரு கணக்குக் கேக்கப் போறா?"

ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன்.
அனுப்புநர்: வெ. பஞ்சவர்ணம், இளநிலை உதவியாளர்.
பெறுநர்: உதவிச் செயற்பொறியாளர் அவர்கள்.
பொருள்:
மடைப்பலகை என்று எழுதி அடித்தேன்.
கவனக்குறைவு என்று எழுதி அடித்தேன்.
இருபத்திரண்டு வருடமாய் மற்றவர்கள் பொருளை
ஒற்றை வரியில் சுருக்கி எழுதுகிறவள் நான்.
கடைசியில் அவர் பெயரை மட்டும் வைத்தேன்.
பார்வை: முப்பத்தொரு அட்டை, முப்பத்தொரு தேதி.
தாள் நிரம்பியது.

முத்திரை குத்தினேன்.
வருடத்தைப் பேனாவால் எழுதினேன்.
வரவுப் பதிவேட்டில் எனக்கு விழுந்த எண்
ஆயிரத்து நூற்று எண்பத்தேழு.
தட்டில் வைத்தேன், ஒரு கடன் விண்ணப்பத்துக்கும்
கரையோரக் கருவேலம் ஏலத்துக்கும் நடுவே.

பழுப்பு உறையை மட்டும் மறுபடி பதிந்து
அனுப்பிய விதம் என்ற கட்டத்தில்
'நேரில்' என்றெழுதினேன்.

ஐந்தே முக்கால் டவுன் பஸ்.
பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துத் தந்தார் நடத்துனர்.
கால்வாய்க் கரையோடு போகிறது வண்டி.
மடைகள் வருகின்றன, போகின்றன,
சிலதில் பலகை இருக்கிறது, சிலதில் இல்லை.
முப்பத்தொரு அட்டை படித்திருக்கிறேன்.
அவருடையது எது என்று
எனக்குத் தெரியவில்லை.